பாட்டு நாடகம்: வள்ளி திருமணத்தை மேடையேற்றுவது எப்படி?

முந்தைய அத்தியாயங்களில் வசன நாடகத்துக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி இங்கேயும் பொருந்தும். ஒத்திகைக் குறிப்பேடு, அரங்க வாடகை, சைடு விங்கில் நிற்பவரின் வேலை ஆகியவற்றை மறுபடியும் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் தலைகீழாக மாறுகிறது. வசன நாடகத்தில் கதையைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுவோம். இசை நாடகத்தில் நம்மிடம் இருக்கும் குரல்களை முதலில் கேட்டுவிட்டு, அவற்றுக்கேற்ற கதையைத் தேட வேண்டும். ஏனென்றால் இங்கே பாட்டுதான் பேச்சு. நாரதர் வள்ளியை மடக்குவதும் பாட்டு, அவள் வெட்டிப் பதில் சொல்வதும் பாட்டு. அந்தச் சொல் கடைசி வரிசையில் இருப்பவர் காதில் விழவில்லையானால், அவரைப் பொறுத்தவரை அன்று நாடகமே நடக்கவில்லை. கட்டை, மைக், ஒப்பனை, பரண் என்று இந்த அத்தியாயத்தில் எதைச் சொன்னாலும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான் சொல்கிறேன்.

தொழில்முறை அல்லாதவர்கள் தமிழில் நாடகம் போடுவது புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை 1891இல் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் கட்டினார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கி, பாட்டைக் குறைத்து, வசனத்துக்கு இடம் கொடுத்தவர் அவர். நடிப்பைக் கற்க விரும்புகிறவர்களுக்காகத் தனி நூலே எழுதினார். அவரால் நாம் அடைந்தது அதிகம். ஆனால் அந்த வழியிலேயே போன நம் சபாக்கள் பாட்டு நாடகத்தை முழுக்க ஸ்பெஷல் நாடக நடிகர்களிடம் விட்டுவிட்டன. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் அவர்கள் இன்றும் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்புச் சங்கமும் கல்லூரி மன்றமும் அதைத் தொடத் தயங்குகின்றன. தயங்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த நாடகம்?

முதல் முறை போடுகிறவர்களுக்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தைத்தான் சொல்வேன். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் சரித்திரம், அபிமன்யு சுந்தரி எல்லாம் அவருடையவைதான். ஆனால் புதியவர்களுக்கு வள்ளிதான் இணக்கமானவள். முக்கிய வேடங்கள் குறைவு. கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் பார்வையாளர் அடுத்து என்ன நடக்கும் என்று தவிக்காமல், எப்படிப் பேசி ஜெயிக்கிறார்கள் என்று காது கொடுப்பார். தினைப்புனம் ஒரே களம் என்பதால் பெரும்பகுதிக்குக் காட்சி மாற்றமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த நாடகத்தை மனப்பாடமாக வாசிக்கும் ஆர்மோனியக்காரர்களும் மிருதங்கக்காரர்களும் இருக்கிறார்கள். அது எத்தனை பெரிய உதவி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உரிமைச் சிக்கலும் இல்லை. நம் நாட்டில் ஆசிரியர் காலமாகி 60 ஆண்டு கடந்தால் படைப்பு பொதுவாகிவிடும். சுவாமிகள் காலமானது 1922இல். ஆனால் பிற்காலத்தில் ஒருவர் திருத்திச் சேர்த்த வசனமோ பாட்டோ இருந்தால் அது வேறு கணக்கு. எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். இடையில் சினிமா மெட்டு சேர்க்கும் வழக்கம் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத மன்றம் இலவசப் பார்வையாளருக்கோ ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காகவோ நிகழ்த்தினால் அதை மீறலாகக் கொள்வதில்லை. சமய நிறுவனத்துக்காக அல்லாமல் டிக்கெட் விற்றால் இந்தச் சலுகை போய்விடும். நிகழ்ச்சியைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றுவதற்கும் இது கவசமாகாது. பேசாமல் சினிமா மெட்டை விட்டுவிடுங்கள். சுவாமிகளின் பாட்டே போதும், மிஞ்சும்.

பழைய ஆட்கள் யாராவது, போலீசில் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கினீர்களா என்று கேட்பார்கள். 1954ஆம் ஆண்டு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின்படி அப்படி ஒரு கட்டாயம் இருந்தது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. பிரதிக்கு முன் அனுமதி வேண்டாம். ஒலிபெருக்கிக்கு வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது பொது விதி. ஆகவே திறந்த மேடையானால் மாலை 6.30க்குத் திரை தூக்குங்கள்.

விடிய விடிய நடப்பதை இரண்டே கால் மணிக்குள்

ஸ்பெஷல் நாடகம் இரவு 10 மணிவாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும். உங்கள் பார்வையாளர் இரண்டே கால் மணி நேரம் உட்காருவார். கணக்கை இப்படிப் போடுங்கள்: பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் உள்ள பாட்டு மத்திம காலத்தில் ஏறக்குறைய 4 நிமிடம், ஒரு விருத்தம் 2 முதல் 3 நிமிடம். 15 பாட்டும் 6 விருத்தமும் வைத்தால் பாட்டுக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். மீதியில் வசனம், பபூன், சண்டை, யானை, கல்யாணம் எல்லாம் அடங்க வேண்டும்.

வெட்டும்போது ஒரு விதியை விடாதீர்கள். தர்க்கப் பாட்டு கேள்வியும் பதிலுமாகப் போவது. ஒரு கேள்வியை எடுத்தால் அதற்கான பதிலும் கூடவே போக வேண்டும். பதில் நன்றாக இருக்கிறதே என்று அதை மட்டும் வைத்துக்கொண்டால், வள்ளி காற்றோடு பேசுவதாகிவிடும். அதேபோல் தர்க்கத்தின் கடைசி இரண்டு ஜோடியை ஒருபோதும் வெட்டாதீர்கள். சூடு ஏறி உச்சம் தொடுவது அங்கேதான். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் விருத்தம் பாடுவது மரபு, பாதியை விடலாம். நாரதர் வருகை, வள்ளி பரணில் ஏறி ஆலோலம் பாடுவது, நாரதர்–வள்ளி தர்க்கம், வேடன்–வள்ளி தர்க்கம், கிழவர், யானை, கல்யாணம் ஆகியவை இல்லாமல் முடியாது. மற்றவை உங்கள் கத்தரிக்கோலுக்கு.

இதுவும் பெரிதாகத் தோன்றினால் தினைப்புனத்தை மட்டும் ஒன்றேகால் மணி நேர நாடகமாகப் போடலாம். இதில் குறை ஒன்றுமில்லை. ஈழத்தில் நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரன் கதையில் மயான காண்டத்தை மட்டும் எடுத்து ஆடித்தான் பெரும்புகழ் பெற்றார். ஊர் ஊராக மக்கள் திரும்பத் திரும்பப் போய் அதைப் பார்த்தார்கள். ஒரு காண்டம் நன்றாக அமைந்தால் முழுக் கதைக்குச் சமம்.

பபூனை வெட்டலாமா என்று கேட்பார்கள். வெட்டாதீர்கள். தாமதமாக வருகிறவர்கள் உட்காரும் நேரம் அது. அரங்கம் சிரித்து ஒன்றாகிய பிறகுதான் கதாநாயகனான ராஜபார்ட் நுழையும்போது கவனம் கூடும். ஆனால் திருவிழா மேடையின் இரட்டை அர்த்தப் பேச்சை எடுத்துவந்து உங்கள் அரங்கில் வைக்க வேண்டாம். உங்கள் தெருவின் தண்ணீர்ப் பிரச்சினையை, மாமியார் வீட்டுச் சண்டையை வைத்து 10 நிமிடம் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.

குரல் தேர்வு

குரல் தேர்வுக்கு வருகிறவரிடம் அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். பல நாள் பாடிப் பழகியதை எல்லோரும் நன்றாகத்தான் பாடுவார்கள். நாடகத்திலிருந்து நான்கு வரியைக் கொடுங்கள். முதலில் பேசச் சொல்லுங்கள், பிறகு பாடச் சொல்லுங்கள், பிறகு நடந்துகொண்டே பாடச் சொல்லுங்கள். அரங்கின் கடைசி வரிசையில், அந்தப் பாட்டை முன்பின் கேட்டிராத ஒருவரை உட்கார வையுங்கள். பாடி முடித்ததும் என்ன சொன்னார்கள் என்று அவரைக் கேளுங்கள். வரியைத் திருப்பிச் சொன்னால் அந்தக் குரலை எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் இனிமையாக இருந்தது, சொல் புரியவில்லை என்றால் அவருக்குக் கூட்டுப் பாட்டில் இடம் கொடுங்கள். சங்கீதம் முறையாகக் கற்றவர்கள் இந்தச் சோதனையில் தோற்பதும், பஜனையில் பாடிப் பழகியவர்கள் ஜெயிப்பதும் அடிக்கடி நடக்கும். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பின்னவரை எடுங்கள். கச்சேரியில் சங்கதிக்கு மேல் சங்கதி போடுவது அழகு. இங்கே அது சொல்லைப் பிளந்துவிடும்.

அடுத்தது கட்டை, அதாவது ஒருவர் பாடும் ஆதார சுருதி. புதிய குழுக்கள் பெரும்பாலும் கவிழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொதுவாக ஆண்கள் 1 முதல் 2 கட்டை வரையிலும், பெண்கள் 4½ முதல் 5½ கட்டை வரையிலும் பாடுகிறார்கள். வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் வரிக்கு வரி மாறுவது. ஒரே சுருதியில் வைத்தால் ஒருவர் கீழே முனக வேண்டும் அல்லது மற்றவர் மேலே கத்த வேண்டும். பழைய நாடகக் கம்பெனிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாலர் கம்பெனிகளில் குரல் உடையாத பையன்களே எல்லா வேடமும் கட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டை. எஸ்.ஜி. கிட்டப்பா ஆணாக இருந்தும் உச்ச ஸ்தாயியில் தடையில்லாமல் பாடியவர், கே.பி. சுந்தராம்பாளோடு அவர் மேடையில் இணைந்து பாட முடிந்தது அதனால்தான். நம் குழுவில் கிட்டப்பா இருக்கமாட்டார். ஆகவே வழி தேட வேண்டும்.

வழி இருக்கிறது. ஆணின் கட்டைக்கும் பெண்ணின் கட்டைக்கும் இடையே வித்தியாசம் 4 ஆக இருக்கும்படி ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். வேடனுக்கு 1 கட்டை என்றால் வள்ளிக்கு 5 கட்டை. அவனுடைய பஞ்சமம்தான் அவளுடைய ஷட்ஜம். வித்தியாசம் 3 ஆக இருந்தாலும் சரி. 1 கட்டைக்கு 4, 2 கட்டைக்கு 5. அப்போது அவனுடைய மத்திமம் அவளுடைய ஷட்ஜமாகிறது. இந்த இரண்டிலும் ஒருவர் முடித்த இடத்திலிருந்து மற்றவர் தன் ஆதார ஸ்வரத்தைக் காதாலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆர்மோனியக்காரர் நான்கு ஸ்வரம் பிட்டு வாசித்தால் போதும், சுருதி மாறியது பார்வையாளருக்கு உறுத்தாது. வித்தியாசம் 3½ என்றோ 2½ என்றோ அமைந்துவிட்டால் ஒவ்வொரு மாற்றமும் முட்டும். அப்போது யாராவது ஒருவரை அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ சரிசெய்யுங்கள். இதை முதல் வாரத்திலேயே முடிவு செய்து, ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் கட்டையை எழுதிவிடுங்கள். கடைசி வாரத்தில் மாற்றினால் தொண்டை கேட்காது.

எல்லோரும் சேர்ந்து பாடும் மங்களத்தை 4 கட்டையில், பஞ்சமத்தைத் தாண்டாத மெட்டில் வையுங்கள். பெண்களுக்கு அது எளிது. 1 கட்டை ஆணுக்கு அந்தப் பஞ்சமம் தாரஸ்தாயி ஷட்ஜமாக வரும். அவரும் திணறாமல் நிற்பார்.

இன்னொரு யோசனை. முருகன் வேடத்துக்குத்தான் பாட்டுச் சுமை அதிகம். தொழில்முறை ராஜபார்ட் அதைத் தாங்குவார். பகலில் வங்கியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு வருகிறவர் தாங்குவது கடினம். வேடனாக, கிழவனாக, முருகனாக அவன் உருமாறுகிறான் என்பது கதையிலேயே இருக்கிறது. மூன்று பேரிடம் மூன்று உருவத்தைக் கொடுங்கள். பார்வையாளர் மறுப்பே சொல்லமாட்டார். அவசர அவசரமாக உடை மாற்றும் சிக்கலும் தீர்ந்தது, மூன்று பேருக்கு நல்ல வேடமும் கிடைத்தது. வள்ளியை மட்டும் பிரிக்க முடியாது. அந்த வேடத்துக்கு மாற்று ஆள் ஒருவரை முதல் நாளிலிருந்தே கூடப் பாட வைத்துத் தயார் செய்யுங்கள்.

பக்கவாத்தியம்

பின்னணி இசையைப் பதிவு செய்து ஓடவிடலாமே, செலவு குறையுமே என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. வள்ளி ஒரு வரியை மறந்தால், கைதட்டல் அரை நிமிடம் நீண்டால், யானையின் தும்பிக்கை கழன்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். உயிருள்ள ஆர்மோனியக்காரர் அந்த அரை நிமிடத்தை நிரப்புவார். மறந்தவருக்கு முதல் ஸ்வரத்தை எடுத்துக் கொடுப்பார். அதற்கும் எழவில்லையென்றால் தானே பின்பாட்டாக அந்த அடியைப் பாடி நடிகரை இழுத்துக்கொண்டு போவார். இசை நாடகத்தில் அன்றிரவு உண்மையான இயக்குநர் அவர்தான். ஒத்திகை முழுக்க உங்கள் கையில் இருக்கட்டும், திரை தூக்கிய பிறகு அவர் கையில் விட்டுவிடுங்கள்.

கையில் இருக்கும் பணத்தில் முதலில் இவருக்கு ஒதுக்குங்கள், பிறகு மைக்செட்டுக்கு, பிறகுதான் மற்றதெல்லாம். முடிந்தால் ஸ்பெஷல் நாடகத்தில் வாசிக்கும் ஒருவரையே அழையுங்கள். சுவாமிகளின் பாட்டுப் புத்தகங்களில் ஸ்வரக் குறிப்பு இருக்காது. ராகம், தாளம் அல்லது இன்ன மெட்டு என்று தலைப்பில் போட்டிருக்கும், அவ்வளவே. அந்த மெட்டுகள் இந்தக் கலைஞர்களின் விரலில்தான் இருக்கின்றன. முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள் அவரை வரவழைத்து எல்லாப் பாட்டையும் பாடச் சொல்லிச் செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். குழுவினர் அதைக் கேட்டுப் பழகட்டும். கடைசி மூன்று வாரம் அவர் நேரில் வர வேண்டும். அவர்களுடைய நாடகப் பருவம் கோயில் திருவிழாக் காலம். பங்குனி, சித்திரை, வைகாசியில் கேட்டால் கிடைக்கமாட்டார்கள். மார்கழியிலோ ஐப்பசியிலோ வைத்துக்கொள்வது இருவருக்கும் வசதி.

மிருதங்கம் அவசியம். தபேலா, பாங்கோ, தட்டு, சத்தம் எல்லாவற்றையும் ஒரே ஆளாகக் கவனிக்கும் ஆல்ரவுண்ட் வாத்தியக்காரர் கிடைத்தால் பாக்கியம். வேடனின் அம்பு பாயும் சத்தமும் யானை வரும் அதிர்வும் அவரிடமிருந்துதான் வரும். தாளம் போட உங்கள் குழுவிலேயே ஒருவரைப் பழக்குங்கள். வாத்தியக்காரர்களைத் திரைக்குப் பின்னாலோ சைடு விங்கிலோ ஒளித்து வைக்காதீர்கள். மேடையின் ஓரத்தில், நடிகரின் முகமும் வாயும் அவர்களுக்குத் தெரியும்படி உட்காரட்டும். நடிகர் மூச்சு இழுப்பதைப் பார்த்துத்தான் ஆர்மோனியம் எடுப்புக்குப் போகும்.

ஒத்திகை

மூன்று மாதம் வேண்டும். வாரத்துக்கு மூன்று மாலை. முதல் மாதம் யாரும் எழுந்து நிற்கக் கூடாது. பாயில் உட்கார்ந்து பாட்டு மட்டும். ஒவ்வொரு பாட்டையும் முதலில் மெட்டில்லாமல், தாளத்தில் வைத்துப் பேசுங்கள். பதம் எங்கே பிரிகிறது, மெட்டு அதை எங்கே உடைக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். உடையும் இடத்தில் மெட்டைச் சற்று நகர்த்துங்கள். சுவாமிகள் சந்தம் கைவந்தவர். பெரும்பாலும் தவறு நம் பதம் பிரிப்பில்தான் இருக்கும். அடியின் கடைசி எழுத்தை விழுங்குவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். வினைமுற்று அங்கேதான் இருக்கிறது என்று நினைவூட்டிக்கொண்டே இருங்கள். ழகரமும் றகரமும் மைக்கில் இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

இரண்டாம் மாதம் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மேடையின் அளவைக் கோடு போட்டு நின்று நடியுங்கள். இங்கே ஒரு பழக்கம் வேண்டும்: பாடும்போது நில், பிட்டு வாசிக்கும்போது நட. ஆட்டமும் பாட்டும் ஒரே மூச்சில் என்பது பயிற்சி பெற்றவர்களுக்கு. நம்மவர்கள் துள்ளிக்கொண்டே பாடினால் மூன்றாவது வரியில் மூச்சு வாங்கும், சொல் போய்விடும். அடியும் அடியும் சந்திக்கும் இடைவெளியில் இரண்டு எட்டு, ஒரு திரும்பல், கவண் சுழற்றல் என்று அமைத்தால் மேடை உயிரோடும் இருக்கும், குரலும் நிற்கும். எதிராளி பாடும்போது கேட்பவர் என்ன செய்கிறார் என்பதையும் ஒத்திகையில் கட்டுங்கள். தர்க்கத்தில் பாதி நடிப்பு கேட்பவருடையது. சொல் தைக்கும் இடம் அவர் முகத்தில் தெரிய வேண்டும்.

ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகையே இல்லாமல், அன்றைக்குச் சந்தித்து அன்றைக்கே ஆடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் மேடையில் தோன்றியபடி பாடலாம் என்று எண்ண வேண்டாம். பல ஆண்டு பாடம் அவர்களுக்குள் இருக்கிறது. நாம் எத்தனை தடவை பல்லவி, எந்த அடியை மடக்கிப் பாடுவது என்பதுவரை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மாதம் வாத்தியங்களோடு. கடைசி இரண்டு ஒத்திகை முழு வேடத்தோடும் மைக்கோடும் நடக்கட்டும். நாடகத்துக்கு முந்தைய நாள் யாரையும் முழுக்குரலில் பாட விடாதீர்கள்.

மேடை, மைக், வேடம்

சீன் வாடகைக்குக் கிடைக்கும். காட்டுப் படுதா ஒன்று, தர்பார் படுதா ஒன்று, பபூன் காட்சிக்கும் இடைவேளை மாற்றத்துக்கும் தெருப் படுதா ஒன்று என்று மூன்று போதும். முன்படுதாவை இறக்கிவிட்டுப் பபூன் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் பரணை நிறுத்திவிடலாம். எல்ஈடி திரையில் அருவி ஓடவிடுவதை நான் விரும்புவதில்லை. கண் அங்கே போய்விடுகிறது, காது மூடிக்கொள்கிறது.

பரணுக்கு நான்கு அடி உயரம் போதும். சவுக்குக் கம்பில் கட்டி, மேலே பலகை அடித்து, இரண்டு பேர் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டு வள்ளியை ஏற்றுங்கள். ஏணி பார்வையாளர் பக்கம் இல்லாமல் பின்பக்கம் இருந்தால் புடவையோடு இறங்கும்போது தடுமாற்றம் தெரியாது. பரணுக்கு மேல் மின்விசிறி தொங்குகிறதா என்று பாருங்கள். கல்யாண மண்டப மேடைகளில் பெரும்பாலும் தொங்கும்.

திருவிழா மேடையில் நட்டு வைத்த மைக்கின் முன்னால் வந்து நின்று பாடுவார்கள். நம் குழுவுக்கும் அது மோசமான வழியல்ல. பாடும்போது நிற்கும் பழக்கம் தானாக வரும். வசதியிருந்தால் வள்ளிக்கும் நாரதருக்கும் வேடனுக்கும் ஹெட்செட் மைக் எடுங்கள். கிழவர் வேடத்தில் தாடி மைக்கில் உரசிச் சரசரவென்று கேட்கும். அவருக்கு மட்டும் மைக்கைத் தாடிக்கு மேலே கன்னத்தில் ஒட்டுங்கள், அல்லது நட்ட மைக்கே வையுங்கள். மைக்செட்காரரிடம் இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எக்கோ வேண்டாம், கோயில் விழாப் பழக்கத்தில் அதைத் தூக்கிவிடுவார்கள், சொல் சொல்லோடு மோதிக் கரையும். வாத்தியத்தைவிடக் குரல் எப்போதும் மேலே இருக்கட்டும். நடிகர்களுக்கு ஆர்மோனியம் கேட்கும்படி மேடையை நோக்கி ஒரு ஸ்பீக்கர் வேண்டும். சுருதி விலகுவது பெரும்பாலும் தொண்டைக் கோளாறால் அல்ல, ஆர்மோனியம் காதில் விழாததால்.

ஒப்பனைக்காரர் முந்தைய காலத்து அரிதாரப் பழக்கத்தில் கனமாகப் பூச வருவார். சிறிய அரங்கில் அவ்வளவு தேவையில்லை. கிரீடமும் டோப்பாவும் காதை மூடாமல் இருக்கின்றனவா என்று முழு ஒத்திகையில் பாருங்கள். காது மூடினால் சுருதி போகும். யானை வேடத்துக்கு இரண்டு பேர், அட்டைத் தலை, சாம்பல் நிறத் துணி. விநாயகர் யானையாக வந்து வள்ளியை விரட்டும் காட்சியில் குழந்தைகள் கூச்சலிடுவார்கள்; அந்த நேரத்தில் முக்கிய வசனம் எதையும் வைக்காதீர்கள்.

நாடக நாள்

வாத்தியக்காரர்கள் நான்கு மணிக்கே வந்துவிட வேண்டும். ஏசி ஓடும் அரங்கில் ஆர்மோனியத்துக்கு ஒன்றும் ஆகாது, மிருதங்கம் சுருதி மாறும். திரை தூக்குவதற்கு முன் மறுபடி சேர்க்க நேரம் கொடுங்கள். நடிகர்கள் ஐந்து மணிக்கு இட்லி போல லேசாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். தயிரும் ஐஸ் தண்ணீரும் வேண்டாம். ஒவ்வொரு விங்கிலும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் வையுங்கள். ஜெனரேட்டரை மதியமே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மூன்றாவது மணி அடித்துவிட்டால் யாருக்காகவும் காத்திருக்காதீர்கள், தலைமை விருந்தினராக இருந்தாலும். அவருக்கு மரியாதை செய்வதை இடைவேளையில் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளலாம். நாடகத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தால் வேடம் போட்டவர்களின் தொண்டை வறண்டு, பார்வையாளரின் பொறுமையும் வற்றிப்போகும்.

நாடகம் முடிந்ததும் ஒப்பனை கலைப்பதற்கு முன்பே வாத்தியக்காரர்களுக்குப் பேசிய பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். இரவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் அவர்கள். கணக்கு நாளைக்கு என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு காட்சிக்காக மூன்று மாதம் உழைக்காதீர்கள். அரங்கத்துக்கு முன்பணம் கட்டும்போதே அடுத்த இரண்டு வாரத்துக்குள் இரண்டாவது காட்சிக்கும் ஓர் இடம் பிடித்துவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பள்ளியோ, கோயில் மண்டபமோ எதுவானாலும் சரி. முதல் காட்சியில் நடிகர்கள் பாட்டை மறக்காமல் இருப்பதிலேயே இருப்பார்கள். எதிரே நிற்பவர் பாடுவதை உண்மையாகக் கேட்டுப் பதில் பாடத் தொடங்குவது இரண்டாவது காட்சியில்தான்.